லீலண்ட் ஹாகன் கேட்ட திருத்தம்

எங்கள் கவுண்டி கோர்ட் கட்டடத்தின் அடித்தளத்தில், ஓட்டுநர் உரிமம் தரும் அறையை ஒட்டி என் அறை இருக்கிறது. கதவில் ‘முன்னாள் படைவீரர் நல அலுவலர், ஜோலீன் ப்ரூயர்’ என்று எழுதியிருக்கும். நானும் ஆறு வருஷம் ராணுவத்தில் இருந்தவள்தான். குவைத்தில் கிடங்குக் கணக்கு பார்த்தேன், துப்பாக்கியைத் துடைத்ததோடு சரி. ஊர் திரும்பியதும் இந்த வேலை கிடைத்தது. என்னிடம் வருகிறவர்கள் எல்லோரும் தங்கள் ராணுவப் பதிவில் எதையாவது சேர்க்கச் சொல்லித்தான் வருவார்கள். விட்டுப்போன பதக்கம், எழுதாமல் போன காயம், வேலை செய்த மாதங்களில் இரண்டு குறைகிறது என்கிற மாதிரி. இருப்பதை எடுத்துவிடு என்று கேட்டு வந்தவர் இத்தனை வருஷத்தில் ஒருவர்தான்.

அது 2014 நவம்பர். பீட் கிழங்கு அறுவடை முடிந்து, லாரிகள் ரோட்டில் சிந்திவிட்டுப் போன மண் உறைந்து கிடந்தது. லீலண்ட் ஹாகன் தொப்பியைக் கழற்றிக்கொண்டு உள்ளே வந்தார். வடக்கு டகோட்டாவின் இந்த மூலையில் அவரைத் தெரியாதவர்கள் கிடையாது. வியட்நாமில் ஒற்றை ஆளாக இயந்திரத் துப்பாக்கியைப் பிடித்து ஒரு பிளாட்டூனையே காப்பாற்றியவர், வெள்ளி நட்சத்திரப் பதக்கம் வாங்கியவர். முன்னாள் வீரர் சங்கத்துச் சுவரில் அவர் படம் மாட்டியிருக்கும். மே மாத நினைவு நாள் ஊர்வலத்தில் முதல் காரில் அவர்தான். சின்ன வயதில் அந்தக் காரின் பின்னால் கொடி ஆட்டிக்கொண்டு நானும் ஓடியிருக்கிறேன்.

பணி விடுவிப்புத் தாளை மேசைமேல் விரித்து ஒரு வரியின் மேல் விரலை வைத்தார்.

“ஜோலீன், இந்த வரிய எடுக்கணும்.”

குனிந்து பார்த்தேன். வெள்ளி நட்சத்திரம் என்று இருந்தது.

“ஏன், எழுத்துப் பிழையா?”

“எழுத்து சரியாத்தான் இருக்கு. விஷயந்தான் தப்பு.”

நான் சிரித்துவிட்டேன். “லீலண்ட், ஊரே வருஷா வருஷம் அந்த வரியத்தானே கார்ல உக்கார வச்சு ஊர்வலம் விடுது?”

அவர் சிரிக்கவில்லை. “ஆமா. அதையும் நிறுத்தணும்.”

எழுந்து கதவைச் சாத்தினேன். காபி ஊற்றிக் கொடுத்தேன். அவர் அதைத் தொடவே இல்லை. இரண்டு கையையும் தொடைக்கு அடியில் வைத்து உட்கார்ந்துகொண்டு சொன்னார்.

1969 மே மாதம். மலைச் சரிவு ஒன்று, அதன் கீழே ஓடை. மழை. எதிரி மேலே இருந்து சுட ஆரம்பித்ததும் லெப்டினன்ட் எல்லோரையும் ஓடையைத் தாண்டிப் பின்வாங்கச் சொன்னார். அவர்கள் தாண்டி முடிக்கும்வரை சரிவில் இருந்த இயந்திரத் துப்பாக்கி சுட்டுக்கொண்டே இருக்க வேண்டும். சுட வேண்டியவர் ஹாகன், இருபது வயது. பக்கத்தில் தோட்டா வார் எடுத்துக் கொடுத்தவன் ஆல்சைட் மெட்டோயர். லூசியானாக்காரன், கறுப்பன், ஹாகனைவிட ஒரு வயது சின்னவன்.

“பயந்துட்டேன்னு சொன்னா அதுகூடப் பொய்தான். பயத்துல ஏதாவது நினைப்பு ஓடும்ல? எனக்கு ஒண்ணுமே ஓடல. துப்பாக்கியிலேர்ந்து கை தானா கழண்டுச்சு. கால் தானா எறங்குச்சு. ஓடைக்கரையில ஒரு மரம் சாஞ்சு கெடந்துச்சு, அது வேருக்கு அடியில போய் இடுப்பளவு தண்ணியில நின்னேன். மேல துப்பாக்கி மறுபடி சுட ஆரம்பிச்சுது. அவன்தான் சுட்டான். நாப்பது நிமிஷம், ஒத்தையா.”

“அப்புறம்?”

“அப்புறம் நின்னுடுச்சு. தோட்டா தீந்திருக்கும். அப்ப கூப்பிட்டான்.”

வெளியே உரிமம் வாங்க வந்த யாரோ சத்தமாகச் சிரித்தார்கள். ஹாகன் கதவைத் திரும்பிப் பார்த்துவிட்டுத்தான் பேசினார்.

“‘ஹாகன்! அடிபட்டுட்டியா? அசையாத, நான் வர்றேன்.’ இதான் சொன்னான். எனக்குக் குண்டு பட்டு நான் உருண்டு விழுந்துட்டேன்னு அவன் நெனச்சுட்டான், ஜோலீன். என்னைத் தூக்கிட்டுப் போகக் கீழ எறங்கி வர்றான். நாலு தடவ கூப்பிட்டான். ஒவ்வொரு தடவையும் கொரல் கிட்ட வந்துச்சு. நான் பதில் சொன்னா நான் இருக்கற எடம் மேல இருக்கறவனுக்குத் தெரிஞ்சுடும். வாயில கைய வச்சுப் பொத்திக்கிட்டேன். அஞ்சாவது தடவ அவன் கூப்பிடல.”

சத்தம் அடங்கி, ஹெலிகாப்டர் வரும் ஒலி கேட்ட பிறகுதான் அவர் வேருக்கு அடியிலிருந்து வெளியே வந்தார். ஆல்சைட் சரிவில் குப்புறக் கிடந்தான், தலை ஓடைப் பக்கம். ஹாகன் அவனைத் தாண்டி மேலே ஏறிப்போய்த் துப்பாக்கிக்குப் பின்னால் உட்கார்ந்தார். முழங்கால் உயரத்துக்குக் காலித் தோட்டாக்கள். லெப்டினன்ட் வந்தபோது அப்படித்தான் இருந்தார்.

“தோளத் தட்டி, ‘நீதானா? நாப்பது நிமிஷமும் நீதானா?’ன்னு கேட்டாரு. நான் ஆமான்னும் சொல்லல, இல்லன்னும் சொல்லல. அவருக்கு அது போதுமா இருந்துச்சு.”

“இத்தனை வருஷம் கழிச்சு இப்ப ஏன் சொல்றீங்க?”

அந்த செப்டம்பரில் முதல்முறையாகப் பழைய படைத்தோழர்கள் கூடிய விருந்துக்கு அவர் போயிருந்தார். மிசோரியில் ஏதோ ஒரு ஹோட்டல். அங்கே ஒருவன் கோப்பையைத் தூக்கி, “ஓடிப்போன மெட்டோயருக்கும் ஒரு மடக்கு!” என்றிருக்கிறான். மேசை முழுக்கச் சிரிப்பு. ஆல்சைட்டின் உடல் துப்பாக்கியிலிருந்து முப்பது கெஜம் பின்னால், ஆயுதம் இல்லாமல் கிடந்ததைப் பார்த்து, அவன் விட்டுவிட்டு ஓடியவன் என்று எல்லோரும் முடிவு கட்டியிருந்தார்கள். நாற்பத்தைந்து வருஷமாக அதைச் சொல்லிச் சிரித்துக்கொண்டிருந்தார்கள்.

“அவனுக்கும் ஏதாவது பதக்கம் குடுத்திருப்பாங்கன்னு நெனச்சுட்டு இருந்தேன். செத்தவனுக்குச் செய்யாம விடுவாங்களா? விட்டுட்டாங்க. நான் ஓடினதை அவன் பேர்ல எழுதிட்டாங்க.”

அன்று மாலை நான் விண்ணப்பத்தைத் தட்டச்சு செய்தேன். அவர் சொன்னதை அலுவலக நடைக்கு மாற்றி, ஆல்சைட் கூப்பிட்டதை மட்டும் சொன்னபடியே. ‘அசையாதே, நான் வருகிறேன்’ என்பதை அடித்து முடித்துவிட்டுக் கொஞ்ச நேரம் விரலை எடுத்து வைத்திருந்தேன். அடுத்த வாரமெல்லாம் வீட்டில் துணி மடிக்கும்போது, பனி தள்ளும்போது, யாரோ என்னை நோக்கி வந்துகொண்டிருக்கிறார்கள் என்று தோன்றும். திரும்பிப் பார்த்தால் யாரும் இருக்க மாட்டார்கள். ஒரே தடவை கேட்ட எனக்கே இப்படி என்றால், அவருக்கு எப்படி இருந்திருக்கும்?

அதை அவர் மனைவி ஆர்டிஸ் சொன்னாள். கையெழுத்துக்காக அவர்கள் வீட்டுக்குப் போனபோது ஹாகன் களஞ்சியத்தில் இருந்தார். ஆர்டிஸ் சமையலறையில் உருளைக்கிழங்கு சீவிக்கொண்டிருந்தாள்.

“தூக்கத்துல ‘வராத, வராத’ம்பான். கல்யாணமான மொத ராத்திரியிலேர்ந்து. என்னைத்தான் சொல்றான்னு ரொம்ப நாள் அழுதிருக்கேன்.” கத்தியைக் கீழே வைத்தாள். “ஓடைக்கரை நெலத்த பாதி வெலைக்கு வித்தான், ஞாபகம் இருக்கா? ஊரே பைத்தியமான்னுச்சு. அந்தச் சரிவுல டிராக்டர நிறுத்தினா கேக்குதாம். என்ன கேக்குதுன்னு என்கிட்ட சொல்லல. நாப்பத்தி மூணு வருஷம் பக்கத்துல படுத்திருக்கேன். என்கிட்ட சொல்லாதத ஒரு ஃபாரத்துல எழுதறான்.”

காகிதத்தை மேசையில் வைத்துவிட்டுக் கிளம்பினேன்.

விதிமுறை ஒன்று குறுக்கே வந்தது. தன் பதிவைத் திருத்தச் சொல்லி ஒருவர் கேட்கலாம். செத்துப்போனவரின் பதிவைத் திருத்த அவருடைய ரத்த உறவுதான் கேட்க வேண்டும். மெட்டோயரின் ராணுவப் பதிவையும் வரவழைத்தேன், மார்ச் மாதம் வந்தது. கடைசித் தாளில் ஒரே வரி: ‘கட்டளையின்றித் தன் இடத்தைவிட்டு விலகிச் செல்கையில் இறந்தார்.’ கீழே லெப்டினன்டின் கையெழுத்து. தேயர் கால்குவிட்.

அவர் அரிசோனாவில் ஓய்வாக இருந்தார். போனில் நான் விஷயத்தைச் சொல்லி முடிக்கும்வரை குறுக்கே பேசவில்லை.

“நான் கண்ணால பார்த்ததத்தான் எழுதினேன், மேடம்.”

“ஹாகன் சுட்டத நீங்க பார்த்தீங்களா?”

போனைத் தாண்டி எங்கோ ஒரு நாய் குரைத்தது.

“அந்தக் கதைய என் பேரன் ஸ்கூல்ல போய்ச் சொல்லியிருக்கேன். மூணு தடவ.” பிறகு, “ஹாகனுக்கு உடம்பு சரியில்லையா? வயசான காலத்துல மனுஷங்களுக்கு என்னென்னவோ தோணும்” என்றார். வைத்துவிட்டார்.

ஆல்சைட்டுக்கு அக்கா ஒருத்தி இருந்தாள். வெர்னா, எழுபத்தோரு வயது, ஊரில் எல்லோருக்கும் மிஸ் வெர்னா. அவளைக் கூப்பிட எனக்கு மூன்று நாள் ஆனது. நான் சொன்னதை முழுவதும் கேட்டாள்.

“யாரு எழுதினது இத? நீயா, அவரா?”

“அவர் சொன்னாரு, நான் அடிச்சேன், மிஸ் வெர்னா.”

“அப்ப தபால்ல அனுப்பாத. அவரையே எடுத்துட்டு வரச் சொல்லு.”

ஏப்ரலில் போனோம். ஆர்டிஸ் வர மறுத்துவிட்டாள். அறுபத்தாறு வயது மனிதரை அந்த நிலையில் தனியாக விட எனக்கு மனம் வரவில்லை, லீவு போட்டேன். அவருடைய பிக்கப் வண்டியில் தெற்கே இரண்டு நாள். ரேடியோ ஒரு நொடி ஓயவில்லை. பாட்டு, பிரசங்கம், பன்றி விலை நிலவரம், எது வந்தாலும் சரி. நிலையம் விலகி இரைச்சல் மட்டும் வந்தால் அவசரமாகத் திருப்புவார். அர்க்கன்சாவில் ஒரு மேட்டுப் பாதையில் எந்த நிலையமும் பிடிக்கவில்லை. வண்டியை ஓரம் கட்டினார்.

“ஏதாவது பேசு, ஜோலீன்.”

“என்ன பேச?”

“எதையாவது. உங்கம்மா சமையலப் பத்திப் பேசு.”

அடுத்த நாற்பது மைல் என் அம்மா டப்பா சூப்பை ஊற்றிச் செய்யும் கேசரோல்களை ஒவ்வொன்றாக விவரித்துக்கொண்டே போனேன். அவர் ஒன்றையும் கேட்கவில்லை என்பது தெரியும். குரல் ஒன்று வேண்டியிருந்தது, அவ்வளவுதான்.

மிஸ் வெர்னாவின் வீடு ஆற்றை ஒட்டி, பீக்கன் கொட்டை மரங்களுக்கு நடுவே இருந்தது. கம்பை ஊன்றிக்கொண்டு வந்து கதவைத் திறந்தாள். நெடுநெடுவென்று உயரம், வெள்ளை முடியை இழுத்துக் கட்டியிருந்தாள். அவரை மேலும் கீழும் பார்த்தாள்.

“நீங்கதான் ஹாகன். உக்காருங்க. காபி கசப்பா இருக்கும், எங்க பக்கம் அப்படித்தான்.”

அத்திப்பழக் கேக்கை வெட்டி எனக்கு வைத்தாள். அவருக்கும் ஒரு தட்டில் வைத்தாள், ஆனால் கொஞ்சம் தள்ளி, அவர் கை நீட்டினால்தான் எட்டும் என்கிற தூரத்தில். பிறகு கண்ணாடியை மாட்டிக்கொண்டு வாக்குமூலத்தைப் படித்தாள். முப்பத்தெட்டு வருஷம் கோர்ட் குமாஸ்தாவாக இருந்தவள் என்பது அவள் தாளைத் திருப்பிய விதத்திலேயே தெரிந்தது. ஒரு தடவை படித்தாள். மறுபடி முதலிலிருந்து படித்தாள்.

“லெப்டினன்ட் எங்கப்பாவுக்கு ஒரு லெட்டர் போட்டாரு,” என்றாள் தாளைப் பார்த்தபடியே. “ரொம்ப மரியாதையான லெட்டர். ‘உண்மையை மறைப்பது தங்களுக்குச் செய்யும் அவமரியாதை’ன்னு ஆரம்பிச்சு, ஆல்சைட் ஓடினதா எழுதியிருந்தாரு. எங்கப்பா ரெண்டாம் உலகச் சண்டையில பிரான்ஸ்ல லாரி ஓட்டினவரு. தபால்பெட்டிகிட்ட ரோட்டுல நின்னே படிச்சாரு. அடக்கத்தன்னிக்கு மடிச்சுக் குடுத்த கொடிய கார் டிக்கியில போட்டாரு. வீட்டுக்குள்ள கொண்டு வரவே இல்ல. சண்டையில செத்த ஊர்ப் பசங்க பேரு வெட்டிக் கல்லு நட்டப்ப கமிட்டிக்காரங்க வந்து கேட்டாங்க. ‘என் பையன் பேரு வேண்டாம்’னுட்டாரு. அப்படியேதான் செத்தும் போனாரு.”

ஹாகன் ஏதோ சொல்ல வாயெடுத்தார்.

“இருங்க. நான் கேக்கறதுக்கு மட்டும் சொல்லுங்க. அந்த விருந்துல அந்த ஆளு சிரிக்கலைன்னா இத எழுதியிருப்பீங்களா?”

அவர் தன் கையைப் பார்த்தார்.

“இல்ல.”

“செத்துப்போறவரைக்கும் கார்ல உக்காந்து கையசைச்சிருப்பீங்க.”

“ஆமா.”

“சரி. இதையாவது பொய் சொல்லாம சொன்னீங்க.” கண்ணாடியைக் கழற்றினாள். “முப்பது கெஜம்னு இருக்கு. கெஜக் கணக்கு எனக்குப் புரியாது. வெளிய வந்து நடந்து காட்டுங்க.”

பின்பக்க முற்றத்துக்குப் போனோம். வெயில் ஏறியிருந்தது. மரத்தடியில் போன வருஷத்துக் கொட்டை ஓடுகள் காலடியில் நொறுங்கின. ஒரு மரத்தைக் காட்டி, “இது துப்பாக்கின்னு வச்சுக்குங்க” என்றாள். அவர் அதன் அடியில் நின்றுவிட்டு ஆற்றைப் பார்த்து நடந்தார். நான் மனதுக்குள் எண்ணினேன். முப்பத்திரண்டாவது எட்டில் நின்று எங்கள் பக்கம் திரும்பினார்.

மிஸ் வெர்னா மரத்தடியிலிருந்து புறப்பட்டாள்.

கம்பை ஊன்றி, ஒரு எட்டு, நின்று, இன்னொரு எட்டு. அவர் முகம் வெளுத்துக்கொண்டே வந்தது. பாதி தூரத்தில் அவர் வாயைக் கையால் பொத்திக்கொண்டதைப் பார்த்தேன். அடுத்த கணம் கையை எடுத்தார்.

“வேண்டாம்மா. வராதீங்க.”

அவள் நிற்கவில்லை.

“வராதீங்கன்னு சொல்றேன்ல! நான் நல்லாத்தான் இருக்கேன்! எனக்கு ஒண்ணுமில்ல! அடியே படல எனக்கு!”

கத்தினார். ஆற்றின் அந்தக் கரையில் படகு கட்டிக்கொண்டிருந்த ஒருவன் நிமிர்ந்து பார்த்தான். ஹாகன் முழங்காலிட்டு உட்கார்ந்துவிட்டார். நான் ஓடப் போனேன். மிஸ் வெர்னா என்னைப் பார்த்துக் கையை உயர்த்தினாள், நின்றுவிட்டேன். அவள் அவர் எதிரில் வந்து நின்றாள். மூச்சு வாங்கியது. திரும்பி, தான் நடந்து வந்த தூரத்தைப் பார்த்தாள்.

“இவ்வளவுதானா?” என்றாள். “இவ்வளவு தூரந்தானா?”

தன் தம்பி இறங்கி வந்த தூரத்தை அவள் பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் தோள் குலுங்கியது, சத்தம் வரவில்லை. பிறகு முன்பு போலவே குரல் திரும்பியது.

“எந்திரி. ஓடு குத்தும்.”

உள்ளே வந்து பேனாவை எடுத்தாள். நாற்காலியில் அவர் அவளைப் பார்க்க முடியாமல் உட்கார்ந்திருந்தார்.

“‘பின்வாங்கினேன்’னு போட்டிருக்கு. பின்வாங்கச் சொல்லி உனக்கு உத்தரவு இருந்துச்சா?”

“இல்ல.”

“அப்ப அது பின்வாங்கறது இல்ல. ஓடினேன்னு எழுது. ‘அவருடைய குரல் கேட்டது’ன்னு இருக்கு. என்ன சொன்னான்னு முழுசா எழுதியிருக்க, அது சரி. ஆனா நீ பதில் சொல்லலைன்னு எங்கயும் இல்ல. அதையும் எழுது.”

அவரே தன் கையால் அடித்து எழுதினார். ஒவ்வொரு திருத்தத்துக்கும் பக்கத்தில் சுருக்கக் கையெழுத்து வைக்கச் சொன்னாள். அதன் பிறகுதான் தம்பியின் பதிவைத் திருத்தக் கோரும் விண்ணப்பத்தில் தன் பெயரை எழுதினாள்.

“மிஸ் வெர்னா,” என்று ஹாகன் தொடங்கினார், “நான் உங்ககிட்ட...”

“மன்னிப்பு கேக்க வந்திருந்தா அது வேற ஆஃபீஸு,” என்றாள். “எனக்கு அந்த அதிகாரம் கெடையாது. கேக்கை சாப்பிடு. ரொம்ப தூரம் போகணும்.”

இந்தமுறை தட்டை அவர் பக்கம் தள்ளி வைத்தாள்.

ஊர் திரும்பியதும் அந்த ஓடையில் நடந்ததை ஹாகன் ஆர்டிஸிடம் சொன்னார். பிறகு முன்னாள் வீரர் சங்கத்துக்குப் போய்த் தன் படத்தைக் கழற்றித் தரும்படி கேட்டார். அங்கே நானும் இருந்தேன். சங்கத் தலைவர் டுவேன் ஓஸ்ட் முதலில் ஹாகன் குடித்திருக்கிறாரோ என்று பார்த்தார். விஷயம் புரிந்ததும் முகம் சிவந்துவிட்டது.

“ஏய்யா, நாப்பத்தஞ்சு வருஷம் உனக்கு பியர் ஊத்தினமே, அதையும் திருத்தித் தருவியா?”

ஒருவரிருவர் சிரித்தார்கள். ஹாகன் படத்தைக் கக்கத்தில் வைத்துக்கொண்டு வெளியே வந்தார். பல வருஷம் கூட அமர்ந்து சீட்டாடியவர்கள் அதன் பிறகு தலையசைப்பதோடு நிறுத்திக்கொண்டார்கள். அவர் செய்ததற்காகவா, சொன்னதற்காகவா என்று எனக்கு இன்றைக்கும் தெரியாது. சொன்னதற்காக என்றுதான் நினைக்கிறேன்.

பதிவுகளைத் திருத்தும் ராணுவ வாரியத்தின் முடிவு வர ஒன்றேகால் வருஷம் ஆனது. இடையில், நான் கைவிட்டிருந்த அந்த லெப்டினன்டிடமிருந்து ஒரு பக்கக் கடிதம் வந்தது. ‘ஹாகன் சுட்டதை நான் பார்க்கவில்லை. துப்பாக்கி ஓய்ந்த பிறகு அவர் அதன் பின்னால் உட்கார்ந்திருந்ததையே பார்த்தேன். மெட்டோயர் எந்த நோக்கத்தில் சரிவில் இறங்கினார் என்பதை அறிய எனக்கு வழி இருக்கவில்லை.’ மூன்றே வாக்கியம். அந்த மனிதருக்கு அது எவ்வளவு கடினமாக இருந்திருக்கும் என்று யோசித்தேன். அதே சமயம், இதை அன்றைக்கே எழுதியிருக்கலாமே என்றும் கோபம் வந்தது.

அந்த மூன்று வாக்கியமும் பாதி தூரம்தான் கொண்டு சேர்த்தன. ஆல்சைட் மெட்டோயரின் கோப்பிலிருந்து அந்த வரி நீக்கப்பட்டது. காயமுற்ற தோழர் என்று நம்பியவரைக் காப்பாற்றச் செல்கையில் எதிரியால் கொல்லப்பட்டார் என்று மாற்றி எழுதினார்கள். வெண்கல நட்சத்திரம் கொடுத்தார்கள். ஹாகனின் மனு நிராகரிக்கப்பட்டது. இத்தனை காலம் கழித்து மனுதாரர் தனக்கு எதிராகத் தானே சொல்லும் சொல், அன்று முறைப்படி வழங்கிய விருதை ரத்து செய்யப் போதுமான ஆதாரம் ஆகாது என்று இருந்தது.

இரண்டு தாளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டினேன். ஹாகன் ஒன்றிலிருந்து மற்றதுக்கு விரலை நகர்த்தினார்.

“அப்ப எனக்கு வெள்ளி. அவனுக்கு வெண்கலம்.”

“மறுபடி மனு போடலாம், லீலண்ட்.”

“போடு.”

மூன்று தடவை போட்டோம். மூன்று தடவையும் அதே பதில்.

முதல் முடிவு வந்த அதே வருஷம் அக்டோபரில் லூசியானாவில் ஒரு தேவாலயக் கூடத்தில் பதக்கத்தை மிஸ் வெர்னாவிடம் கொடுத்தார்கள். ஊர்க் கல்லில் கடைசிப் பெயருக்குக் கீழே ஆல்சைட்டின் பெயரை வெட்டியிருந்தார்கள். ஹாகனை வரச் சொல்லியிருந்தாள். ஆர்டிஸும் கூட வந்தாள். கர்னல் ஒருவர் பேசி முடித்ததும் மிஸ் வெர்னா எழுந்து, “இவரு வடக்கேர்ந்து வந்திருக்காரு. இவருக்குச் சொல்ல வேண்டியது ஒண்ணு இருக்கு” என்றாள். இருநூறு பேர் இருந்தார்கள். ஆல்சைட்டோடு படித்தவர்கள், பந்து விளையாடியவர்கள், அவன் ஓடிப்போனவன் என்று கேட்டே வளர்ந்தவர்கள். ஹாகன் ஒலிபெருக்கியைப் பிடிக்காமல் கையைக் கட்டிக்கொண்டு சொன்னார். எதையும் விடவில்லை. முடிந்தபோது யாரும் கைதட்டவில்லை. பின்வரிசையில் ஒரு கிழவர், “ஆண்டவரே” என்றார், அவ்வளவுதான். ஒருவன் எழுந்து வெளியே போனான். திரும்பி வரவில்லை. ஹாகன் கடைசிவரை நின்றுகொண்டே இருந்தார். ஆர்டிஸ் போய் அவர் பக்கத்தில் நின்றாள்.

குரல் ஓய்ந்துவிட்டது என்று சொல்ல எனக்கும் ஆசைதான். ஓயவில்லை. கேட்டால், “வர்றான், ஜோலீன்” என்பார். மழை பெய்தால் முகம் மாறிவிடும். ஆனால் ரேடியோவை நிறுத்திவிட்டு வண்டி ஓட்டப் பழகிக்கொண்டார். ஆர்டிஸ் இரவில் அவரை எழுப்புவதை விட்டுவிட்டாள். எழுந்து உட்கார்ந்து அவர் கையைப் பிடித்துக்கொள்வாளாம்.

2019 ஜனவரியில் இதயம் நின்று இறந்தார். எங்கள் பக்கம் ஜனவரியில் நிலம் இரும்பு மாதிரி இறுகியிருக்கும், குழி வெட்ட முடியாது. உடல் மே மாதம்வரை காத்திருக்க வேண்டும். அரசாங்கம் தரும் கல்லறைக் கல்லுக்கான தாளை ஆர்டிஸ் என் அறையில்தான் நிரப்பினாள். விருதுகள் என்ற கட்டத்துக்கு வந்ததும் அவள் அதன் குறுக்கே ஒரு கோடு போட்டாள்.

அடக்கத்துக்குத் தேதி குறித்ததும் மிஸ் வெர்னாவுக்குப் போன் செய்தேன். தெரிவிக்க வேண்டும் என்றுதான். எழுபத்தைந்து வயதில் அவள் இவ்வளவு தூரம் வருவாள் என்று நினைக்கவில்லை. அண்ணன் மகனோடு விமானத்தில் வந்து இறங்கினாள். சங்கத்திலிருந்து துப்பாக்கி மரியாதைக்கு ஏழு பேர் வர வேண்டும், நான்கு பேர் வந்தார்கள். டுவேன் ஓஸ்ட் வந்திருந்தார். அன்று காற்று அடித்த அடியில் பாதிரியார் படித்தது பாதிதான் காதில் விழுந்தது. மிஸ் வெர்னா தொப்பியை ஒரு கையால் அழுத்திக்கொண்டு, மறு கையை ஆர்டிஸின் கையில் கோத்தபடி கடைசிவரை நின்றாள். கொடியை மடித்து ஆர்டிஸிடம் கொடுத்தார்கள்.

பிறகு தேவாலயத்தின் கீழ்த்தளத்தில் பன்றிக்கறி வைத்த பன்னும் காபியும். மிஸ் வெர்னா ஒரு வாய் குடித்துவிட்டுக் கோப்பைக்குள் எட்டிப் பார்த்தாள்.

“இது காபியா? பாத்திரம் கழுவின தண்ணியா?”

“எங்க பக்கம் அப்படித்தான்,” என்றாள் ஆர்டிஸ்.

“இந்தக் காத்து எப்பவும் இப்படித்தான் அடிக்குமா?”

“இன்னிக்கு கம்மி.”

மிஸ் வெர்னா தலையை ஆட்டிக்கொண்டாள். இன்னும் கொஞ்சம் ஊற்றச் சொல்லிக் கோப்பையை நீட்டினாள்.